பழைய கோல்ட் ரிவால்வருக்கு ஆவணக் கோப்பு தயாரிப்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

2021 ஆகஸ்ட் மாதம் பான்ஹாம்ஸ் ஏல நிறுவனம், கோல்ட் (Colt) என்ற அமெரிக்கத் துப்பாக்கி நிறுவனத்தின் ஒரு சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வரை 60 லட்சம் டாலருக்கும் மேலே விற்றது. 1881 ஜூலை 14 அன்று நியூ மெக்ஸிகோவின் ஃபோர்ட் சம்னரில் பில்லி த கிட் என்ற பேர்போன இளம் குற்றவாளியை ஷெரிஃப் பாட் காரெட் சுட்ட துப்பாக்கி அது. அதே காலத்தில், அதே தொழிற்சாலையில் செய்யப்பட்டு, அதே அளவுக்குத் தேய்ந்துபோன இன்னொரு கோல்ட், அந்தத் தொகையில் நூறில் ஒரு பங்குகூடப் பெறாது. வித்தியாசம் இரும்பில் இல்லை. காரெட் தன் கைப்பட எழுதிய கடிதம், அவர் இறந்தபின் துப்பாக்கியைத் திரும்பப் பெற அவருடைய மனைவி 1930களில் டெக்ஸாஸில் நடத்திய வழக்கு, அதன்பின் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற அறுபடாத சங்கிலி. விலையைத் தீர்மானித்தவை இவைதான்.

எல்லாத் துப்பாக்கிக்கும் இப்படி ஒரு வரலாறு வாய்க்காது. ஆனால் சாதாரணத் துண்டுக்கும் (இங்கே துண்டு என்றால் ஒரு துப்பாக்கி) ஒழுங்கான ஒரு கோப்பு வேண்டும். விற்க, காப்பீடு செய்ய, வாரிசுகளுக்குப் பிரித்துக் கொடுக்க, அருங்காட்சியகத்துக்குத் தர, எதற்கானாலும் அது இல்லாமல் நடக்காது. இங்கே நான் எடுத்துக்கொள்வது 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கக் கோல்ட் ரிவால்வர்களை மட்டும். மற்றத் தயாரிப்புகளுக்கும் முறை ஏறக்குறைய இதுவேதான்; முத்திரைகள் மட்டும் மாறும்.

முதலில் பாதுகாப்பும் சட்டமும்

துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று தெரிந்த ஒருவர் பார்க்காமல் எந்த வேலையும் தொடங்க வேண்டாம். தோட்டா வருவதற்கு முந்தைய கேப் அண்ட் பால் வகையில் மருந்தும் குண்டும் சிலிண்டரின் (குண்டுகள் இருக்கும் சுழலும் உருளையின்) முன்பக்கம் வழியாகத் திணிக்கப்படும். 150 ஆண்டுகளுக்கு முன் திணித்தது அப்படியே உள்ளே கிடப்பது ஒன்றும் அதிசயம் இல்லை. சந்தேகம் இருந்தால் நீங்களே தோண்ட வேண்டாம், கைதேர்ந்த துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள்.

சட்டத்தைப் பொறுத்தவரை, அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டு கூட்டாட்சிச் சட்டம் 1898 அல்லது அதற்கு முன் செய்யப்பட்டதைப் பழம்பொருளாகக் கருதுகிறது. மாநிலச் சட்டங்கள் வேறுபடும். இந்த 1898 எல்லையை நம் ஊருக்கு இழுத்துவந்து குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. இந்தியாவின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45ஆவது பிரிவு, வழக்கொழிந்த அல்லது தொல்மதிப்புள்ள ஆயுதம் பழுதுபார்த்தாலும் சுட முடியாத நிலையில் இருப்பதைத்தான் விலக்கில் வைக்கிறது. தாத்தாவின் பெட்டியிலிருந்து ஒன்று கிடைத்தால், கோப்பு தொடங்குவதற்கு முன் வக்கீலையும் காவல் நிலையத்தையும் பாருங்கள். நூறு ஆண்டு கடந்த தொல்பொருளைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே அனுப்ப 1972ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதிப்பதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

படி 1: துடைக்காதீர்கள், படம் எடுங்கள்

பழைய இரும்பைப் பார்த்ததும் பாலிஷ் துணியைத் தேடுகிற கை நம் எல்லோருக்கும் உண்டு. அதைக் கட்டுப்படுத்துங்கள். தொழிற்சாலையில் ஏற்றிய நீல மெருகு, ஃபிரேமில் (துப்பாக்கியின் நடு உடலில்) எலும்புக்கரியில் சுட்டு வந்த மேகம் போன்ற வண்ணங்கள், நூறாண்டில் படிந்த பழுப்பு ஆகியவைதான் இந்தத் துப்பாக்கி அசல் என்பதற்கான சாட்சிகள். உருக்குக் கம்பளியால் பத்து நிமிடம் தேய்த்தால் சாட்சி போய்விடும், பணமும் போய்விடும்.

ஜன்னலோர மென்மையான வெளிச்சத்தில், சாம்பல் நிறத் துணியின் மேல், பக்கத்தில் ஒரு அளவுகோலோடு படம் எடுங்கள். இடது, வலது, மேல், கீழ், பிடியின் அடிப்பகுதி, பேரலின் (குழலின்) வாய் என வரிசையாக வரட்டும். பிறகு ஒவ்வொரு எழுத்துக்கும் எண்ணுக்கும் முத்திரைக்கும் தனித்தனி நெருக்கப் படம். விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாகச் சாய்த்தால், கண்ணுக்கே தெரியாத தேய்ந்த எழுத்துகள்கூட நிழல் விழுந்து எழுந்து நிற்கும். திருகுகளின் தலைகளையும் எடுக்க மறக்காதீர்கள். சிதைந்த திருகுத் தலை, யாரோ தவறான ஸ்க்ரூ டிரைவரோடு உள்ளே போய்வந்திருக்கிறார் என்று சொல்லும்.

எடை, மொத்த நீளம், பேரல் நீளம் மூன்றையும் அளந்து எழுதுங்கள். ரிவால்வரில் பேரல் நீளம் என்றால் வாயிலிருந்து பேரலின் பின்முனை வரை மட்டும். சிலிண்டரைச் சேர்க்கக் கூடாது.

படி 2: இரும்பை வாசியுங்கள்

கோப்பின் இதயம் இதுதான். நிதானமாகச் செய்யுங்கள்.

சாமுவேல் கோல்ட் அமெரிக்கக் காப்புரிமை பெற்றது 1836 பிப்ரவரி 25. நியூ ஜெர்ஸியின் பேட்டர்சனில் தொடங்கிய முதல் நிறுவனம் சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டது. 1847இல் டெக்ஸாஸ் ரேஞ்சர் கேப்டன் சாமுவேல் வாக்கரோடு சேர்ந்து வடிவமைத்த ராட்சத ரிவால்வர்தான் கோல்டை மீண்டும் தொழிலுக்குக் கொண்டுவந்தது. ராணுவத்துக்கு 1,000, வெளியாருக்கு 100 என மொத்தம் 1,100தான் செய்யப்பட்டன. கோல்டிடம் அப்போது சொந்தத் தொழிற்சாலைகூட இல்லை. எலி விட்னி ஜூனியரின் பட்டறையில் செய்து வாங்கினார். அதனால் உங்கள் கையில் ஒரு 'வாக்கர்' இருக்கிறது என்று யாராவது சொன்னால் முதலில் சந்தேகப்படுவதே மரியாதை. இத்தாலியில் செய்த நவீனப் பிரதிகள் உலகமெங்கும் இறைந்து கிடக்கின்றன.

சேகரிப்பாளர் கையில் அதிகம் வருவது 1851 நேவி என்ற மாடல். 0.36 அங்குலக் குண்டு. சிலிண்டரைச் சுற்றி ஒரு கடற்போர்க் காட்சி உருட்டிப் பதிக்கப்பட்டிருக்கும். டெக்ஸாஸ் கடற்படையும் மெக்ஸிகோக் கடற்படையும் 1843இல் கம்பேச்சே அருகே மோதிய போர் அது, செதுக்கியவர் ஆர்ம்ஸ்பி. அந்தக் கப்பல்களில் எத்தனை இன்னும் தெரிகின்றன என்பதுதான் சிலிண்டர் எவ்வளவு தேய்ந்தது என்பதற்கான அளவுகோல். கோப்பில் 'காட்சி பாதிக்குமேல் தெளிவு' என்பதுபோல் எழுதி, சிலிண்டரைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்து வையுங்கள்.

பேரலின் மேலுள்ள முகவரியில் புதியவர்கள் தடுக்கி விழுவார்கள். 'சாமுவேல் கோல்ட், நியூயார்க் சிட்டி' என்று பொறித்திருப்பதைப் பார்த்து நியூயார்க்கில் செய்தது என்று எழுதிவிடுகிறார்கள். விற்பனை அலுவலகம் நியூயார்க்கில் இருந்ததால் வந்த முகவரி அது. துப்பாக்கி உருவானது கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டில். 'கர்னல் கோல்ட், லண்டன்' என்று இருந்தால் கதை வேறு. 1853இல் லண்டன் பிம்லிகோவில் கோல்ட் ஒரு தொழிற்சாலை திறந்து, சில ஆண்டுகளில் மூடினார். ஏறக்குறைய 42,000 நேவி அங்கே உருவாயின. ஆனால் பிரிட்டிஷ் சோதனை முத்திரை இருப்பதை மட்டும் வைத்து லண்டன் தயாரிப்பு என்று முடிவுகட்ட முடியாது. ஹார்ட்ஃபோர்டிலிருந்து கப்பலேறிப்போய் இங்கிலாந்தில் விற்பனையான துண்டுகளிலும் அதே முத்திரை குத்தப்பட்டது. முகவரி, முத்திரை, வரிசை எண் மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும்.

1873இல் வந்த சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி எல்லோருக்கும் தெரிந்த கௌபாய் ரிவால்வர். 7½ அங்குலப் பேரல் குதிரைப்படைக்கு. 5½, 4¾ அங்குலமும் உண்டு. ஃபிரேமின் இடப்பக்கம் காப்புரிமைத் தேதிகள் வரிசையாக இருக்கும். சிலிண்டரைத் தாங்கும் ஊசியை எது பிடித்திருக்கிறது என்று பாருங்கள். ஃபிரேமின் முன்புறம் சாய்வாக ஏறும் ஒரு திருகு என்றால் அது கரும்பொடி என்ற பழைய வெடிமருந்துக் காலத்து ஃபிரேம். பக்கவாட்டில் அழுத்தினால் விடுபடும் ஸ்பிரிங் பூட்டு என்றால் பிந்தையது. 1890களில்தான் இது மெல்ல இடம்பிடித்தது. 1898 எல்லையை ஒட்டிய துண்டுகளில் இந்த ஒரு அடையாளம் சட்டச் சிக்கலில் நல்ல துப்புத் தரும். ஆனாலும் வரிசை எண்ணோடு ஒப்பிடாமல் விடக் கூடாது.

படி 3: எண்கள் ஒத்துப்போகின்றனவா?

சிங்கிள் ஆக்‌ஷனில் ஃபிரேமின் அடி, டிரிகர் கார்டு (விசையைச் சுற்றிய வளையம்), பின்பட்டை (பிடியின் பின்புற உலோகப் பட்டை) ஆகிய மூன்று இடங்களில் வரிசை எண் கண்ணுக்குத் தெரியும். தொடக்ககால ராணுவத் துண்டுகளில் பேரலிலும் சிலிண்டரிலும்கூட உண்டு. நேவியில் இன்னும் அதிக இடங்கள்: பேரல், ஃபிரேம், டிரிகர் கார்டு, பிடியின் அடிப்பட்டை, சிலிண்டர், பேரலைப் பூட்டும் ஆப்புகூட. ஆப்பு எளிதில் தொலையும், மாற்றப்படும். அதன் எண் மட்டும் ஒத்துப்போகவில்லை என்றால் பெரிதாகக் கவலைப்படத் தேவையில்லை. எல்லா எண்ணையும் ஓர் அட்டவணையாக எழுதுங்கள். படிக்க முடியாத இலக்கத்தை ஊகித்து நிரப்பாமல் அந்த இடத்தில் கேள்விக்குறி போடுங்கள்.

எண்கள் ஒத்துப்போனால் விலை ஏறும், இல்லையென்றால் இறங்கும் என்பது பொதுவிதி. அந்த விதி தலைகீழாகும் ஓரிடம் உண்டு. அமெரிக்க ராணுவம் 1873 முதல் 1891 வரை சுமார் 37,000 சிங்கிள் ஆக்‌ஷன்களை வாங்கியது. 1890களின் நடுவிலிருந்து அவற்றில் பெரும் பங்கைத் திரும்பப் பெற்று, பேரலை 5½ அங்குலமாகக் குறைத்து, பாகங்களைக் கலந்து மீண்டும் பூட்டினார்கள். சேகரிப்பாளர்கள் 'ஆர்ட்டில்லரி மாடல்' என்பது இதைத்தான். எண்கள் கலந்திருப்பதே இங்கே இயல்பு. எல்லா எண்ணும் ஒத்திருந்தால் அது முதல் தவணையில் வந்த அரிய துண்டாக இருக்கலாம். இல்லையேல் பிற்காலத்தில் யாரோ எண்ணை அடித்து ஒத்துப்போக வைத்ததாகவும் இருக்கலாம். பதற்றமில்லாமல், இலக்கங்களின் வடிவத்தை அசல் துண்டுகளின் படங்களோடு ஒப்பிடுங்கள்.

ராணுவச் சோதனையாளர்களின் முதலெழுத்துகளும் இங்கேதான் வருகின்றன. ஓ.டபிள்யூ.ஏ. என்றால் ஆர்வில் எய்ன்ஸ்வொர்த், டி.எஃப்.சி. என்றால் டேவிட் கிளார்க், ஹெச்.என். என்றால் ஹென்றி நெட்டில்டன், ஆர்.ஏ.சி. என்றால் ரினால்டோ கார். 1876இல் லிட்டில் பிக்ஹார்ன் போரில் தளபதி கஸ்டரின் கீழ் போரிட்ட 7ஆவது குதிரைப்படை ஏந்தியவை எய்ன்ஸ்வொர்த் காலத்தவை என்பதால் அந்த மூன்று எழுத்துக்குத் தனி விலை. தனி விலை இருக்கும் இடத்தில் தனிப் போலியும் இருக்கும். சாதாரணச் சிவிலியன் கோல்டில் 'யு.எஸ்.' என்று குத்தி, வால்நட் பிடியில் சோதனை முத்திரையைச் செதுக்கி விற்பது பழைய தொழில். அசல் குத்து, மெருகு ஏற்றுவதற்கு முன் விழுந்தது. அதன் பள்ளத்துக்குள்ளும் மெருகின் மிச்சம் இருக்க வேண்டும். சுற்றிலும் உலோகம் புதிதாகப் பிதுங்கி நின்றால், குத்து பிந்தையது.

படி 4: நிலையை நேர்மையாக எழுதுங்கள்

'நல்ல நிலை' என்ற சொல் விற்பவர் வாயில் ஒரு பொருள், வாங்குபவர் காதில் இன்னொரு பொருள். அமெரிக்காவில் தேசியத் துப்பாக்கிச் சங்கமான என்.ஆர்.ஏ.வின் தர வரிசையைப் பொதுவாகப் பின்பற்றுகிறார்கள். பழம்பொருளுக்கான வரிசையில் 'எக்ஸலெண்ட்' என்றால் பாகங்கள் எல்லாம் அசல், அசல் மெருகில் 80 சதவீதத்துக்கு மேல் மிச்சம். 'ஃபைன்' என்றால் 30 சதவீதத்துக்கு மேல். 'வெரி குட்' என்பதோ மெருகே இல்லாமலிருந்தும் கிடைக்கக்கூடிய தரம். பாகங்கள் அசலாக இருந்து, உலோகமும் எழுத்தும் ஒழுங்காக இருந்தால் போதும். பெயரைக் கேட்டு ஏமாறாதீர்கள்.

மறுமெருகு ஏற்றிய துண்டைப் பிடிப்பது அவ்வளவு கடினமில்லை. விளிம்புகள் சோப்புக்கட்டி போல மழுங்கியிருக்கும், திருகுத் துளைகளின் ஓரம் குழிந்திருக்கும், எழுத்துகளின் ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் மங்கலாகவும் தெரியும். அப்படியிருந்தால் கோப்பில் அப்படியே எழுதுங்கள். மறைத்தால் அடுத்து வாங்குபவரின் நிபுணர் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடிப்பார், அதன்பின் உங்கள் கோப்பின் மற்றப் பக்கங்களையும் அவர் நம்பமாட்டார்.

படி 5: தொழிற்சாலைக் கடிதம்

கோல்ட் நிறுவனம் தன் பழைய அனுப்பீட்டுப் பதிவேடுகளைப் பார்த்து, கட்டணம் வாங்கிக்கொண்டு ஆவணக் கடிதம் தருகிறது. வரிசை எண், குண்டின் அளவு, பேரல் நீளம், மெருகு, பிடி, எந்தத் தேதியில் யாருக்கு அனுப்பினார்கள், அந்த அனுப்பீட்டில் மொத்தம் எத்தனை என்ற விவரங்கள் அதில் வரும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வர்களுக்கு அந்நிறுவனத்தின் வரலாற்று அறக்கட்டளை இதே வேலையைச் செய்கிறது. 1864 பிப்ரவரியில் ஹார்ட்ஃபோர்ட் தொழிற்சாலையில் பெருந்தீ பிடித்ததால், அதற்கு முந்தைய கேப் அண்ட் பால் காலத் துண்டுகளுக்குப் பதிவு கிடைக்கும் என்று அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்.

கடிதம் எதை நிரூபிக்கிறது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். 'இந்த எண்ணுள்ள ஒரு ரிவால்வர் இப்படிப்பட்ட அமைப்போடு தொழிற்சாலையை விட்டுப் போனது' என்பதைத்தான் கடிதம் சொல்கிறது. உங்கள் கையில் இருப்பது அதேதான் என்று சொல்வதில்லை. 7½ அங்குலம், நீல மெருகு என்று கடிதம் சொல்ல, உங்களுடையது 4¾ அங்குலம், நிக்கல் பூச்சு என்றால், இடையில் யாரோ கைவைத்திருக்கிறார்கள். கடிதத்தை வாங்கியதும் படி 2இல் எழுதிய குறிப்போடு வரிவரியாக ஒப்பிட்டு, ஒத்துப்போவதையும் போகாததையும் தனித்தாளில் எழுதிவையுங்கள். விலைமதிப்பாளர் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.

பெறுநர் பெயராகப் பெரும்பாலும் நியூயார்க்கின் ஹார்ட்லி அண்ட் கிரஹாம் போன்ற மொத்த வியாபாரிகள்தான் இருப்பார்கள். தனியாள் பெயர் கிடைப்பது அதிர்ஷ்டம். மேற்கு அமெரிக்காவில் ஷெரிஃபாகப் பேர்பெற்ற பாட் மாஸ்டர்சன் 1885இல் டாட்ஜ் சிட்டியிலிருந்து தனக்கு ஒரு நிக்கல் பூசிய ரிவால்வர் வேண்டுமென்று நேரடியாகத் தொழிற்சாலைக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. ராணுவத் துண்டு என்றால் வாஷிங்டனின் தேசிய ஆவணக்காப்பகப் பதிவுகளிலிருந்து வரிசை எண்களைத் தொகுத்த ஸ்பிரிங்ஃபீல்ட் ரிசர்ச் சர்வீஸ் பட்டியல்களையும் பாருங்கள். எண் அதில் இல்லாவிட்டால் மனம் தளர வேண்டாம், பதிவாகாதவையே மிகுதி.

படி 6: குடும்பக் கதையைச் சாட்சியமாக்குங்கள்

'கொள்ளுத்தாத்தா கெட்டிஸ்பர்க் போரில் ஏந்தியது' என்று ஒரு கதை வரும். அந்தப் போர் 1863 ஜூலை. கையிலிருப்பது சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி என்றால் அந்த மாடலே 1873இல்தான் பிறந்தது. கதை அங்கேயே முடிந்தது. மாடல், தயாரிப்பு ஆண்டு, அனுப்பிய இடம் ஆகிய மூன்றும் கதையோடு முரண்படாமல் இருந்தால்தான் அடுத்த அடி.

அடுத்து, சொல்பவரிடமிருந்து எழுத்தில் வாங்குங்கள். யாரிடமிருந்து கேட்டார், எந்த ஆண்டில், துப்பாக்கி அப்போது எங்கே இருந்தது, வரிசை எண் என்ன. நோட்டரி முன் கையெழுத்திட்ட ஒரு பக்கம், இருபது பேர் திண்ணையில் சொன்ன கதையைவிட எடை கூடியது. வரிசை எண்ணைக் குறிப்பிடாத வாக்குமூலம் எந்தத் துப்பாக்கிக்கும் பொருந்திவிடும். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. பிறகு வெளிச் சான்று தேடுங்கள்: படைப் பதிவேடு, ஓய்வூதியக் கோப்பு, உயில், சொத்துப் பட்டியல், துப்பாக்கியோடு எடுத்த பழைய புகைப்படம்.

உரிமையாளரே சொன்னால்கூட நம்ப வேண்டுமென்பதில்லை. மாஸ்டர்சன் பிற்காலத்தில் நியூயார்க்கில் பத்திரிகையாளராக இருந்தபோது, அடகுக்கடையில் ஒரு பழைய கோல்டை வாங்கி, பிடியில் வெட்டுக் குறிகள் போட்டு, நச்சரித்த சேகரிப்பாளர் ஒருவரிடம் தன்னுடையது என்று தள்ளிவிட்டதாகச் சொல்வார்கள். கதை உண்மையோ இல்லையோ, இந்த வட்டாரத்தில் எல்லோரும் அதைச் சிரித்துக்கொண்டே நம்புகிறார்கள்.

சான்றின் வலிமைக்கு விலை எப்படித் தலைவணங்குகிறது என்று பார்க்க ஐரோப்பாவின் இரண்டு லெஃபோஷோ (ஒரு பிரெஞ்சு வகை) ரிவால்வர்கள் போதும். 1873 ஜூலை 10 அன்று பிரஸ்ஸல்ஸில் கவிஞர் வெர்லேன் தன் நண்பர் ரிம்போவைச் சுட்ட ரிவால்வர், 2016இல் பாரிஸ் கிறிஸ்டீஸில் 4,34,500 யூரோவுக்குப் போனது. போலீஸ் பறிமுதல் செய்தது, வழக்கு நடந்தது, தண்டனை விழுந்தது. எல்லாம் எழுத்தில் இருக்கிறது. வான்கோ தன்னைச் சுட்டுக்கொண்டதாகக் கருதப்படும் ரிவால்வர் அவர் இறந்த ஊரில் ஒரு வயலிலிருந்து கிடைத்த துருப்பிடித்த துண்டு. 2019இல் அது 1,62,500 யூரோ பெற்றது. வான்கோவின் புகழோடு ஒப்பிட்டால் வெர்லேன் யாரென்று கேட்பவர்களே அதிகம். இருந்தும் விலை மறுபக்கம் சாய்ந்ததில் அந்தப் போலீஸ் காகிதங்களுக்குப் பெரும் பங்கு உண்டு என்பதே என் கணிப்பு.

படி 7: எந்த மதிப்பு வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

ஒரே துப்பாக்கிக்கு மூன்று மதிப்பு உண்டு. திருடுபோனால் அதேபோல் ஒன்றைக் கடையில் வாங்க ஆகும் செலவு காப்பீட்டு மதிப்பு; இதுதான் அதிகம். கட்டாயமில்லாத விற்பவரும் கட்டாயமில்லாத வாங்குபவரும் ஒத்துக்கொள்ளும் தொகை நியாயச் சந்தை மதிப்பு. வரி, வாரிசு விஷயங்களுக்கு இது. வியாபாரி இன்றைக்கே கையில் தரும் பணம் மூன்றாவது, மிகக் குறைவு. எந்த நோக்கத்துக்கு, எந்தத் தேதியில் என்று எழுதாத மதிப்புச் சான்றுக்குப் பயன் குறைவு. அமெரிக்காவில் 5,000 டாலருக்கு மேற்பட்ட பொருளை அருங்காட்சியகத்துக்குத் தந்து வரிவிலக்குக் கேட்டால் தகுதியுள்ள மதிப்பாளரின் சான்று கட்டாயம்.

ஒப்பீட்டுக்கு, இணையத்தில் கேட்கிற விலையை விட்டுவிட்டு உண்மையில் விற்ற விலையை எடுங்கள். ஏல நிறுவனங்கள் அறிவிக்கும் தொகையில் வாங்குபவர் கட்டும் கமிஷனும் பெரும்பாலும் சேர்ந்தேயிருக்கும். விற்றவர் கைக்கு வந்தது அதைவிடக் குறைவு. அதே மாடல், அதே பேரல் நீளம், அதே மெருகு சதவீதம், கடிதம் உண்டா இல்லையா என்று பார்த்து அண்மைக்கால விற்பனை நான்கைந்தைக் கோப்பில் வையுங்கள். வாங்கவும் ஆசைப்படுபவரே மதிப்பும் போடுவதை மட்டும் அனுமதிக்காதீர்கள்.

படி 8: கோப்பை அடுக்குவது

கோப்பின் ஒவ்வொரு வாக்கியமும் எங்கிருந்து வந்தது என்று ஓரத்தில் குறியுங்கள்: 'உலோகத்தில் கண்டது', 'பதிவேட்டில் உள்ளது', 'குடும்பம் சொன்னது'. மூன்றையும் ஒரே பத்தியில் கலந்து அழகான கதையாக எழுதுவதுதான் பெரும்பாலான கோப்புகளைக் கெடுக்கிறது. கிடைக்காத விடைகளையும் எழுதுங்கள். '1880 முதல் 1912 வரை யாரிடம் இருந்தது, தெரியவில்லை' என்ற வரி கோப்புக்குப் பலவீனமில்லை. நாளைக்கு யாரோ ஒருவர் அந்த இடைவெளியை நிரப்புவார்.

துப்பாக்கியைத் தோல் உறையில் போட்டு வைக்காதீர்கள், பதனிட்ட தோலின் அமிலம் இரும்பைத் தின்னும். அருங்காட்சியகங்கள் பயன்படுத்தும் ரினைசன்ஸ் மெழுகு மெல்லிய பூச்சாக, கையுறையோடு தொடுவது, ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி இருப்பது, இவ்வளவு போதும். உறை, பழைய பெட்டி, தோட்டா அச்சு, ரசீது போன்றவை கூடவே வந்திருந்தால் தனித்தனியாக எண்ணிட்டுப் படம் எடுத்து, துப்பாக்கியோடு சேர்த்தே விற்கவும் கொடுக்கவும் வேண்டும். பிரித்தால் இரண்டின் மதிப்பும் குறையும். கோப்பின் ஒரு பிரதி துப்பாக்கி இருக்கும் பெட்டகத்தில் இருக்கக் கூடாது. வேறு வீட்டிலோ வங்கி லாக்கரிலோ இருக்கட்டும். திருடுபோனால் போலீஸுக்கு முதலில் கொடுக்க வேண்டிய வரிசை எண்ணும் படங்களும் அதில்தான் இருக்கும்.